கிங்டம் கம் வாள்சண்டை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிங்டம் கம்: டெலிவரன்ஸ் 2018இல் வந்த விளையாட்டு. கதை நடப்பது 1403ஆம் ஆண்டு பொஹீமியாவில். நாயகன் ஹென்றி, கொல்லன் மகன். வாள் பிடிக்கவே தெரியாதவனாகத்தான் கதைக்குள் வருகிறான். புதிதாக ஆடுபவர்களைக் கவனித்தால், ஆளுக்கு ஆள் பாணி வேறாக இருந்தாலும் தோற்கும் இடங்கள் மட்டும் மாறுவதே இல்லை. எதிரியை லாக் செய்ய (பார்வையை அவன்மேல் பூட்ட) மறப்பது, கவசம் போடாமல் சண்டைக்குப் போவது போன்றவற்றை இங்கே பேசப்போவதில்லை. இரண்டு அடி வாங்கினால் அவை தானே சரியாகிவிடும். அடி வாங்கியும் திருந்தாத தவறுகளைத்தான் பார்க்க வேண்டும்.

காம்போவை நம்பி முன்னேறிப் போவது

இத்தனை வருடங்கள் கழித்தும் பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வரும் தவறு இது. ஆட்டத்தில் ஐந்து திசைகளில் வெட்டலாம், நடுவில் குத்தலாம். குறிப்பிட்ட வரிசையில் வெட்டினால் கடைசி அடி பலமாக இறங்கும், அதுதான் காம்போ. திறன் பட்டியலில் பார்க்கும்போது ஆசையாக இருக்கும். பெர்க் (சிறப்புத் திறன்) புள்ளிகளை எல்லாம் அதில் கொட்டுவார்கள். வரிசையை மனப்பாடம் செய்வார்கள். ஆரம்பத்தில் பலிக்கவும் செய்யும், ஏனென்றால் வழியில் மறிக்கும் கந்தலாடைக் கொள்ளையனுக்குச் சண்டை தெரியாது. "முன்னேறி அடித்தால் ஜெயிக்கலாம்" என்ற பழக்கம் அங்கேதான் கையில் ஏறுகிறது.

அதே கையோடு பயிற்சி பெற்ற ஒருவன் முன்னால் போய் நிற்கும்போது கதை மாறுகிறது. உங்கள் வெட்டு ஒவ்வொன்றுக்கும் அவன் பெர்ஃபெக்ட் பிளாக்கோ (சரியான கணத்தில் போடும் தடுப்பு) மாஸ்டர் ஸ்ட்ரைக்கோ (தடுப்போடு சேர்ந்தே வரும் பதிலடி) பதிலாகக் கொடுக்க முடியும். மாஸ்டர் ஸ்ட்ரைக் தொடங்கிவிட்டால் அதைத் தடுக்க வழியில்லை, வாங்கித்தான் ஆக வேண்டும். நான்கு வெட்டு கொண்ட காம்போ என்றால், உங்களைத் திருப்பி அடிக்க அவனுக்கு நீங்களே நான்கு வாய்ப்பு தருகிறீர்கள். நடுவில் ஒன்று மாட்டினால் வரிசை அறுந்துவிடும், முந்தைய வெட்டுகளுக்குச் செலவான ஸ்டாமினாவும் (தெம்பும்) வீண்.

அந்த ஸ்டாமினாதான் இங்கே முக்கியம். மஞ்சள் பட்டி இருக்கும்வரை அடியின் பெரும்பகுதியை அதுவே வாங்கிக்கொள்ளும். அது வற்றிய பிறகு விழும் வெட்டு நேராக உயிரில் இறங்கும். உயிர் குறைந்தால் ஸ்டாமினா எவ்வளவு ஏறலாம் என்ற உச்சவரம்பும் குறையும். அதாவது, ஆவேசமாக வீசிய முதல் பத்து நொடியின் விலையைச் சண்டை முடியும்வரை கட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

கொள்ளையர் முகாமிட்டிருக்கும் பிரிபிஸ்லாவிட்ஸ் ஊரின் தேவாலயத்தில், அவர்கள் தலைவன் ரண்ட் என்பவனோடு நடக்கும் சண்டையில் இது அப்படியே தெரியும். ஊரைத் தாக்கிய கையோடு உள்ளே ஓடி வருவார்கள்: பாதி உயிர், ரத்தக் கசிவு, மழுங்கிய வாள். அப்பா செய்த வாளைப் பறித்தவன் என்ற கோபம் வேறு. காம்போவைத் தொடங்குவார்கள், இரண்டாவது வெட்டிலேயே மாட்டுவார்கள், திரை மங்கும், செத்துப்போவார்கள். மறுபடி லோடு செய்து அதையே இன்னும் வேகமாகச் செய்வார்கள். வேகம் போதவில்லை என்று நினைப்பதுதான் சிக்கல். வேகம் அங்கே பிரச்சினையே இல்லை.

செய்ய வேண்டியது இதுதான். எதிரியை லாக் செய்து, இரண்டு எட்டு தள்ளி நில்லுங்கள். பிளாக் பட்டனிலிருந்து விரலை எடுங்கள். சும்மா நிற்கும்போதுதான் ஸ்டாமினா நன்றாக ஏறும். முதல் வெட்டை அவனே போடட்டும். அவன் வாள் இறங்கும்போது திரையில் பச்சைக் கேடயம் ஒரு கணம் தெரியும். அந்தக் கணத்தில் பிளாக்கை ஒரே ஒரு முறை தட்டுங்கள். முன்கூட்டியே அழுத்திப் பிடித்திருந்தால் கிடைப்பது சாதாரணத் தடுப்பு, அது ஸ்டாமினாவைத் தின்னும். சரியாகத் தட்டினால் பெர்ஃபெக்ட் பிளாக். உடனே தாக்குதல் பட்டனை அழுத்தினால் ரிப்போஸ்ட், அதாவது பதில் வெட்டு, இறங்கும். மாஸ்டர் ஸ்ட்ரைக் கற்ற பிறகு அந்த ஒரே தட்டலிலேயே பதிலடியும் சேர்ந்து வரும்.

பதிலடி விழுந்ததும் துரத்தாதீர்கள். ஒரு எட்டு பின்னால் வந்து, பட்டி நிறையும்வரை காத்திருங்கள். நீங்களாகப் போய் வெட்டலாம் என்றால் இரண்டு சமயங்களில் மட்டும்: அவன் களைத்துத் தள்ளாடும்போது, கிளிஞ்சில் (வாளோடு வாள் முட்டும் நெருக்கத்தில்) ஜெயித்த மறுநொடி. வில்லை ஏந்தி நிற்பவனிடம் ஓடிப்போய் வெட்டுவது தனிக்கணக்கு, அங்கே காத்திருந்தால் அம்புதான் கிடைக்கும்.

பெர்க் புள்ளிகளை ஸ்டாமினாவுக்கும் தற்காப்புக்கும் போடுங்கள். காம்போ கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். பார்க்காமலே விட்டாலும் நஷ்டமில்லை.

கேப்டன் பெர்னார்டை மறந்துவிடுவது

ராட்டே ஊர்ப் பயிற்சிக் களத்தில் கதைப்படி ஒருமுறை பெர்னார்டு சொல்லித்தருவார். அது அடிப்படைப் பாடம் மட்டுமே. மாஸ்டர் ஸ்ட்ரைக் அந்தப் பாடத்தில் வராது. பிறகு நீங்களாகப் போய், பயிற்சி வேண்டும் என்று கேட்டால்தான் வரும். பலர் அதற்குள் குதிரை ஏறி ஊர் சுற்றக் கிளம்பிவிடுவார்கள். பாதிக் கதையைத் தாண்டிய பிறகும் அந்த நகர்வே தெரியாமல் போராடிக்கொண்டிருப்பார்கள்.

கற்ற பிறகும் மரவாளோடு அவரிடம் தொடர்ந்து பழகுங்கள். அவர் அடிக்கட்டும், நீங்கள் திருப்பி அடிக்காமல் பச்சைக் கேடயத்தை மட்டும் குறிவையுங்கள். வாள், தற்காப்பு, போர்த்திறன் மூன்றும் சேர்ந்து ஏறும். உயிர் போகாது. தற்காப்பு நிலை ஒன்றிரண்டில் நின்றுகொண்டு கட்டுப்பாடே சரியில்லை என்று புலம்புவது அநியாயம். ஹென்றிக்கு இன்னும் சண்டை வரவில்லை, அதுதான் விஷயம்.

கிளிஞ்சை அதிர்ஷ்டம் என்று நினைப்பது

இருவரும் மிக நெருங்கினால் வாளோடு வாள் முட்டிக்கொள்ளும். தாக்குதல் பட்டனை விடாமல் தட்டுவது அவசியம்தான், ஆனால் பலம் குறைந்த ஹென்றி தள்ளப்படுவான், அடுத்த அடியையும் வாங்குவான். ஆகவே பலம் ஏறும்வரை இடைவெளி விட்டே சண்டை போடுங்கள். பலம் ஏறிய பிறகு வேண்டுமென்றே நெருங்குங்கள். ஜெயித்ததும் வெட்டைத் தாமதிக்காதீர்கள். எதிரி திறந்து கிடப்பது கண நேரம்தான்.

இரும்புத் தட்டின் மேல் வெட்டுவது

தட்டுக் கவசம் போட்டவனின் மார்பில் வாளால் வெட்டினால் சத்தம் வரும், அவ்வளவுதான். அவன் தலையைப் பாருங்கள். தலைக்கவசம் இல்லையென்றால் மேல் திசையிலிருந்து வெட்டு. முகம் திறந்திருந்தால் குத்து. மேலிருந்து கீழ்வரை மூடியிருந்தால் வாளை வைத்துவிட்டு மேஸ் (தண்டாயுதம்) எடுங்கள்; இரும்பை நசுக்க மொட்டையான ஆயுதம்தான் வேண்டும். இடுப்பில் ஒன்று எப்போதும் இருக்கட்டும்.

வாளைத் தீட்டாமல் போவது

கொல்லன் மகனுக்கு இது அழகில்லை. ஊருக்குள் நுழைந்ததும் முதலில் சாணைக்கல்.

சண்டைக்கு முன் சேவ் செய்வதாகக் குடிப்பது

சேவியர் ஷ்னாப்ஸ் சாராயம். ஒவ்வொரு முறை தோற்றதும் லோடு செய்து, மறுபடி ஒன்றைக் குடித்து சேவ் செய்தால், ஹென்றி போதையில் களமிறங்குவான். ஒரு பாட்டில் போதும். பக்கத்தில் சொந்தப் படுக்கை இருந்தால் தூங்கியே சேவ் செய்துகொள்ளலாம், உயிரும் ஏறும். சாமந்திக் கஷாயத்தையும் கட்டுத்துணியையும் கையில் வையுங்கள். ரத்தம் கசிந்தால் முதல் இடைவெளியிலேயே கட்டுங்கள்.

வயிறு முட்டச் சாப்பிடுவது

உணவு அளவு நூறைத் தாண்டக் கூடாது. ஸ்டாமினா குறையும்.

மூன்று பேருக்கு நடுவில் நிற்பது

முதுகுக்குப் பின்னால் ஆள் வந்துவிட்டால் திறமை எதுவும் உதவாது. சண்டை தொடங்கும் முன்பே பின்வாங்கிக்கொண்டே இருங்கள், மூவரும் கண்ணுக்கு முன்னால் ஒரே வரிசையாக வருவார்கள். முதலில் நெருங்குபவனை எதிர்கொள்ளுங்கள். லாக் ஒருவன்மேல் ஒட்டிக்கொண்டு மற்றவன் மறைந்துபோனால் உடனே விடுவித்துவிட்டு, ஓடி இடம் மாறுங்கள். ஓடுவதில் வெட்கமில்லை.

முதல் பாகத்துப் பழக்கத்தை இரண்டாம் பாகத்துக்குக் கொண்டுபோவது

2025 பிப்ரவரியில் வந்த இரண்டாம் பாகத்தில் திசைகள் நான்காகக் குறைந்தன. மாஸ்டர் ஸ்ட்ரைக் வாளுக்கு மட்டும் உண்டு, அதைக் கற்றுத்தருபவர் நாடோடிகள் முகாமில் இருக்கும் டாம்கேட். பச்சைக் கேடயம் வந்ததும் பிளாக் தட்டினால் பெர்ஃபெக்ட் பிளாக் மட்டுமே கிடைக்கும். மாஸ்டர் ஸ்ட்ரைக் வேண்டுமென்றால் எதிரி எந்தப் பக்கத்திலிருந்து வெட்டுகிறானோ அதற்கு எதிர்த்திசையில் உங்கள் வாள் இருக்க வேண்டும், அழுத்த வேண்டியது தாக்குதல் பட்டனை. முதல் பாகத்தை முடித்தவர்கள் பழக்கதோஷத்தில் பிளாக்கையே தட்டிவிட்டு, நகர்வு வேலை செய்யவில்லை என்பார்கள். எதிரியின் வாள் பக்கம் மாறும்போதெல்லாம் உங்கள் திசையையும் மாற்றிக்கொண்டே வர, டாம்கேட்டிடமே நிதானமாகப் பழகிவிட்டுப் பயணத்தைத் தொடருங்கள்.