பதிப்புரிமைப் பாடம் ஏன் பிள்ளைகளிடம் எடுபடுவதில்லை: நாம் செய்யும் தவறுகள்

மாணவர்களுக்குப் பதிப்புரிமை பற்றி ஒரு வகுப்பு எடுங்கள் என்று சொன்னால், பலர் முதலில் தேடிப் போவது அபராதத் தொகையையும் சிறைத் தண்டனையையும்தான். "டவுன்லோடு பண்ணினால் ஜெயில்" என்று முதல் ஸ்லைடிலேயே போட்டுவிடுவார்கள். எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் சிலர் முந்தின நாள் ராத்திரிதான் ஏதோ ஒரு தளத்தில் புதுப் படம் பார்த்திருப்பார்கள், யாரும் வந்து கதவைத் தட்டவில்லை என்பதும் அவர்களுக்குத் தெரியும், ஆக இரண்டாவது நிமிடத்திலேயே இவர் சும்மா மிரட்டுகிறார் என்று முடிவு கட்டிவிடுவார்கள். அதற்கப்புறம் நாம் சொல்லும் உண்மைகூட உள்ளே போகாது.

பெரிய பெரிய அமைப்புகளே இதில் சறுக்கியிருக்கின்றன. 2004இல் அமெரிக்கத் திரைப்பட நிறுவனங்களின் சங்கம், கார் திருடுவதையும் படம் டவுன்லோடு செய்வதையும் ஒரே தட்டில் வைத்து ஒரு விளம்பரம் எடுத்தது. காசு கொடுத்து டிவிடி வாங்கியவர்தான் பல நேரங்களில் படத்துக்கு முன்னால் வரும் அந்த விளம்பரத்தைத் தாண்டிப் போக முடியாமல் பார்த்துத் தொலைக்க வேண்டியிருந்தது. திருட்டுப் பிரதியில் பார்த்தவருக்கு அந்தத் தொல்லையே இல்லை. கடைசியில் அது மீம் ஆனதுதான் மிச்சம். 2006இல் கனடாவில் உரிமைத் தொகை வசூலிக்கும் ஓர் அமைப்பு, பிள்ளைகளுக்காக 'கேப்டன் காப்பிரைட்' என்று ஒரு சூப்பர் ஹீரோவையே இறக்கிப் பார்த்தது. உரிமையாளர் பக்கத்தை மட்டும்தான் பேசுகிறது என்று நூலகர்கள் உட்படப் பலரும் விமர்சிக்க, 2007 தொடக்கத்திலேயே ஹீரோ ஓய்வு பெற்றுவிட்டார்.

கார் ஒப்பீட்டை வைத்தால் வகுப்பில் ஒரு பிள்ளையாவது கேட்கும்: "காரைத் திருடினா அவர்கிட்ட கார் இருக்காது, பாட்டைக் காப்பி பண்ணினா அவர்கிட்டயும் இருக்குமே சார்?" இதற்கு "எதிர்த்துப் பேசாதே" என்று பதில் சொல்வது மகா தவறு. அது நல்ல கேள்வி. அமெரிக்க உச்ச நீதிமன்றமே 1985இல் ஒரு வழக்கில் பதிப்புரிமை மீறலும் பொருள் திருட்டும் ஒன்றல்ல என்று பிரித்துச் சொல்லியிருக்கிறது. இங்கே பறிபோவது பொருள் இல்லை, 'என் படைப்பை யார் நகல் எடுக்கலாம், எப்படிப் பரப்பலாம்' என்று தீர்மானிக்கும் உரிமை. இதைச் சொன்னால் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு நன்றாகவே புரியும்.

அதைவிட நல்ல வழி, பிள்ளையிடமிருந்தே ஆரம்பிப்பது. பதிப்புரிமைக்காக நாடுகள் தங்களுக்குள் செய்துகொண்ட பெர்ன் ஒப்பந்தம் 1886இல் வந்தது, உலகத்தின் பெரும்பாலான நாடுகள் அதில் இருக்கின்றன. அதன்படி பதிப்புரிமைக்குப் பதிவும் வேண்டாம், © குறியும் வேண்டாம். நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு மாணவி வரைந்த டிராகனுக்கு, வரைந்த அந்த நேரத்திலேயே அவள் உரிமையாளர். அவள் அதை இன்ஸ்டாகிராமில் போடுகிறாள், யாரோ ஸ்கிரீன்ஷாட் எடுத்து, மூலையில் இருந்த கையெழுத்தை வெட்டிவிட்டு, தன் கேமிங் சேனலுக்கு முகப்புப் படமாக வைத்துக்கொள்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது கேட்டுப் பாருங்கள், வகுப்பே கொதிக்கும். 'திருடாதே' என்று ஒரு மணி நேரம் பேசினாலும் இந்தக் கொதிப்பு வராது.

அடுத்தது, இரண்டு வேறு விஷயங்களைப் போட்டுக் குழப்புவது. "கீழே நன்றி என்று பெயர் போட்டுவிடு, போதும்" என்று ஆசிரியர்களே சொல்கிறார்கள். பெயர் போடுவது நேர்மை. அதுவே அனுமதி ஆகிவிடாது. ஒரு முழு நாவலை ஸ்கேன் செய்து, அட்டையில் எழுத்தாளர் பெயரைப் பெரிதாகப் போட்டுப் பரப்பினாலும் மீறல் மீறல்தான். மறுபக்கம், உரிமைக் காலம் முடிந்த பழைய கவிதை ஒன்றை 'நான் எழுதியது' என்று சொல்லிப் போட்டிக்கு அனுப்பினால் அதில் பதிப்புரிமை மீறல் இல்லாமல் இருக்கலாம், ஆனால் பச்சைப் பொய். இரண்டையும் தனித்தனியாகச் சொல்லுங்கள்.

முப்பது விநாடிக்குள் இருந்தால் எந்தப் பாட்டையும் போடலாம், 'உரிமை மீறும் நோக்கம் இல்லை' என்று டிஸ்கிரிப்ஷனில் எழுதினால் தப்பிக்கலாம், சுருதியைக் கொஞ்சம் ஏற்றிவிட்டால் யூடியூபுக்குத் தெரியாது. இதெல்லாம் வெறும் வதந்தி. பொத்தாம்பொதுவான விநாடிக் கணக்கு எதுவும் கிடையாது.

என்னைக் கேட்டால், பயமுறுத்துவதற்குச் சமமான தப்பு, 'கூடாது' பட்டியலோடு வகுப்பை முடித்துவிடுவது. எதையெல்லாம் தாராளமாகச் செய்யலாம் என்று யாருமே சொல்வதில்லை. ஒரு கருத்துக்கோ தகவலுக்கோ பதிப்புரிமை கிடையாது, அதைச் சொன்ன விதத்துக்குத்தான் உண்டு. மேற்கோள் காட்டவும் பாடம் நடத்தவும் பெர்ன் ஒப்பந்தத்திலேயே இடம் இருக்கிறது, எல்லை நாட்டுக்கு நாடு மாறும். எழுத்தாளர் இறந்து குறைந்தது 50 ஆண்டு, பல நாடுகளில் 70 ஆண்டு கழிந்தால் படைப்பு எல்லோருக்கும் பொது. (ஆனால் அந்தப் பழைய நூலுக்குப் போன வருடம் வந்த மொழிபெயர்ப்புக்குத் தனி உரிமை உண்டு, இங்கே பெரியவர்களே தடுக்கி விழுவார்கள்.)

இதைச் சொல்லிவிட்டுப் போகாமல் செய்தே காட்டலாம். புராஜெக்டுக்கு ஒரு திமிங்கிலப் படம் வேண்டும். கூகுளில் முதலில் வந்ததை எடுக்காமல் எல்லோரும் பயன்படுத்தக்கூடிய படங்கள் இருக்கும் விக்கிமீடியா காமன்ஸ் தளத்தில் தேடச் சொல்லுங்கள், படத்துக்குக் கீழே இறங்கி உரிமம் என்ன என்று படிக்கச் சொல்லுங்கள். படைப்பாளியே சில நிபந்தனைகளோடு முன்கூட்டியே எல்லோருக்கும் அனுமதி தருவதுதான் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம். அதில் 'பிஒய்' என்றால் பெயர் சொல்ல வேண்டும், 'என்சி' என்றால் வணிகத்துக்குக் கூடாது, 'என்டி' என்றால் மாற்றியதை வெளியிடக் கூடாது, 'எஸ்ஏ' என்றால் மாற்றியதையும் அதே உரிமத்தில்தான் தர வேண்டும். படத்தின் பெயர், எடுத்தவர், எங்கே கிடைத்தது, என்ன உரிமம் என்று நான்கையும் ஸ்லைடின் அடியில் சின்ன எழுத்தில் எழுதவைத்தால் பாதிப் பாடம் முடிந்தது.

சரி, இப்போது கொஞ்சம் கசப்பான விஷயம். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் வழிகாட்டி நூலின் முழு பிடிஎஃப்பை அனுப்புவது யார்? ஆண்டு விழாவில் மூலையில் ஏதோ ஒரு தளத்தின் முத்திரையோடு படம் ஓடுகிறதே, அது யார் வேலை? லேப் கணினிகளில் 'கிராக்' செய்த, அதாவது காசு கட்டாமல் ஓட்டுவதற்காகப் பூட்டை உடைத்த மென்பொருளை வைத்துக்கொண்டு பைரசி பற்றிப் பாடம் நடத்தினால் பிள்ளைகள் எதைக் கற்றுக்கொள்வார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. போட்டோ வேலைக்கு கிம்ப், வரைவதற்கு கிருதா, அலுவலக வேலைக்கு லிப்ரே ஆபிஸ் எல்லாம் இலவசமாகவே கிடைக்கின்றன, முதலில் அதை நிறுவிவிட்டு வகுப்புக்குப் போகலாம்.

பயமுறுத்தியே ஆக வேண்டும் என்றால் நடக்கக்கூடியதைச் சொல்லுங்கள். கேம் 'கிராக்' ஃபைலை ஓட்டுவதற்கு ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்வார்கள். அணைத்ததும் உள்ளே வருவது பல நேரம் பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளை அள்ளிக்கொண்டு போகும் மால்வேர். ஜெயிலுக்குப் பயப்படாத பையன்கூடத் தன் கேம் அக்கவுண்ட் போய்விடும் என்றால் நிமிர்ந்து உட்காருவான்.

தேர்வில் 'பதிப்புரிமை என்றால் என்ன' என்று கேட்காதீர்கள், மனப்பாடம் செய்து ஒப்பித்துவிடுவார்கள். 'பிடித்த பாட்டுக்கு நீ ஆடிய வீடியோவைப் பொதுவில் போடுகிறாய், இதில் யார் யாருக்கு என்ன உரிமை?' என்று கேளுங்கள். இசையமைத்தவர், எழுதியவர், பாடியவர், ஒலிப்பதிவை வெளியிட்ட நிறுவனம், கேமரா பிடித்த தோழி என்று ஒவ்வொருவராக வருவார்கள், ஒரு பீரியட் போதாது.