பலகை தெரியாத தெருவில் பார்க்கிங் டிக்கெட்டா? லண்டனில் எதிர்ப்பது எப்படி

லண்டனில் கார் கண்ணாடியில் டிக்கெட் உறையைப் பார்த்ததும் பலர், 14 நாளுக்குள் கட்டினால் பாதிதானே என்று உடனே கட்டிவிடுகிறார்கள். பார்க்கிங் விதியைச் சொல்லும் பலகை சரியாகத் தெரியாத இடம் என்றால் அவசரப்படாதீர்கள். பணம் கட்டிவிட்டால் விஷயம் அதோடு முடிந்துவிடும், பிறகு எதிர்க்க முடியாது.

முதலில் டிக்கெட்டைக் கொடுத்தது யார் என்று பாருங்கள். 'பெனால்டி சார்ஜ் நோட்டீஸ்' என்றால் பெரும்பாலும் கவுன்சில், அதாவது அந்தப் பகுதியின் உள்ளாட்சி நிர்வாகம். 'பார்க்கிங் சார்ஜ் நோட்டீஸ்' என்றால் தனியார் நிறுவனம், அதற்கு வழி வேறு. இரண்டையும் பிசிஎன் என்றே சொல்வதால் குழம்பிவிடாதீர்கள். இங்கே சொல்வதெல்லாம் கவுன்சில் டிக்கெட்டுக்கு.

அடுத்தது போட்டோ. காரை நகர்த்துவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். முதல் முறை நான் பலகைக்குக் கிட்டப் போய் எடுத்து அனுப்பினேன். அதில் எழுத்தெல்லாம் பளிச்சென்று தெரிந்ததால் மறுத்துவிட்டார்கள். மறுமுறை வேறொரு தெருவில் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தபடியே எடுத்தேன். பலகை இருந்த இடத்தில் மரக்கிளைதான் தெரிந்தது. முதல் கடிதத்திலேயே ரத்து செய்தார்கள். அதனால் இருக்கையிலிருந்து ஒன்று, காரும் பலகையும் சேர்ந்து தெரியும்படி ஒன்று, அழிந்துபோன சாலையோரக் கோடுகள் இருந்தால் அவையும் வேண்டும். நாளைக்கு எடுக்கலாம் என்று விடாதீர்கள், அதற்குள் கிளையை யாராவது வெட்டிவிடக்கூடும்.

அப்புறம் கோடுகளைப் பாருங்கள். இரட்டை மஞ்சள் கோட்டுக்கு நேரப் பலகையே தேவையில்லை, எனவே பலகை இல்லை என்ற வாதம் அங்கே எடுபடாது. ஒற்றை மஞ்சள் கோட்டுக்கு நேரம் சொல்லும் பலகை பக்கத்தில் இருக்க வேண்டும். ஆனால் அந்தப் பகுதி 'கன்ட்ரோல்ட் பார்க்கிங் ஸோன்', அதாவது பகுதி முழுவதும் பார்க்கிங் கட்டுப்பாடு உள்ள இடம் என்றால் நுழைவுச் சாலையில் வைத்த பலகையே போதும். புதிதாக எதிர்ப்பவர்கள் தவறவிடுவது இதைத்தான். நீங்கள் நுழைந்த வழியிலேயே திரும்பிப் போய், அந்தப் பலகை திரும்பியிருக்கிறதா, மறைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

கடிதம் சிறியதாக இருக்கட்டும். 1996ஆம் ஆண்டின் போக்குவரத்து ஆணை விதிமுறைகளில் 18ஆவது விதி, ஓட்டுநருக்குப் போதுமான தகவல் தரும் பலகைகளை வைப்பது கவுன்சிலின் கடமை என்கிறது. அதைச் சொல்லி, எந்தப் படம் எதைக் காட்டுகிறது என்று எழுதி, 14 நாளுக்குள் கவுன்சிலின் இணையதளத்தில் அனுப்புங்கள். நேரத்தோடு அனுப்பியிருந்தால், மறுத்தாலும் பாதித் தொகைக்கான வாய்ப்பைப் பெரும்பாலும் மறுபடி தருவார்கள்.

விடாமல் போராடுவது என்று முடிவெடுத்தால், அடுத்து கார் உரிமையாளருக்குக் கவுன்சில் அனுப்பும் 'நோட்டீஸ் டு ஓனர்' என்ற முறையான கடிதம் வரும். 28 நாளுக்குள் முறைப்படி மறுப்பு எழுதுங்கள். கவுன்சில் 56 நாளுக்குள் பதில் தராவிட்டால் உங்கள் மறுப்பை ஏற்றதாகவே கணக்கு. கவுன்சில் அதை நிராகரித்தால் 28 நாளுக்குள் மேல்முறையீட்டு மன்றமான லண்டன் டிரிபியூனல்ஸுக்குப் போகலாம். கட்டணம் கிடையாது, தீர்ப்பு சொல்பவர் கவுன்சிலின் ஆள் அல்ல. தோற்றால் முழுத் தொகை கட்ட வேண்டியிருக்கும், அதற்கும் தயாராக இருங்கள்.

நோட்டீஸ் டு ஓனர் காரின் பதிவு முகவரிக்குத்தான் போகும். பதில் இல்லையென்றால் தொகை இன்னும் 50 சதவீதம் கூடும். வீடு மாறியிருந்தால் காரின் பதிவு ஆவணமான லாக்புக்கில் முகவரியை இன்றைக்கே மாற்றுங்கள்.