கடல்சுவரில் உயிர் வளர்க்கப் போய் சறுக்கும் இடங்கள்

சென்னைத் துறைமுகம் வந்த பிறகு தெற்கே மெரினாவில் மணல் சேர்ந்தது, வடக்கே ராயபுரம் பக்கம் கரை அரித்தது. அரிப்பைத் தடுக்கக் கருங்கல்லைக் கொட்டினார்கள். தண்ணீர் இறங்கியிருக்கும் நேரத்தில் அந்தக் கற்களில் ஒன்றைக் குனிந்து பாருங்கள். வெயில் படும் மேல்முகம் மொட்டையாக இருக்கும், கால் வைத்தால் சுடும். இரண்டு கல் முட்டும் இடுக்கில் கை நுழைத்தால் ஈரம். கல்லில் ஒட்டி வாழும் கொட்டலசு, சின்ன நத்தைகள், சட்டென்று ஒளியும் நண்டு. இரண்டுக்கும் நடுவே ஒரு சாண் தூரம்தான்.

அரிப்பைத் தடுக்கும் கடல்சுவரிலேயே கடல் உயிர்களும் வளர இடம் கொடுக்கலாம் என்று பலர் முயல்கிறார்கள். அந்த ஒரு சாண் வித்தியாசத்தை மறந்துவிட்டுச் சுவர் கட்டுவதுதான் பலரும் செய்கிற முதல் தவறு. வழவழப்பாக, செங்குத்தாக நிற்கும் கான்கிரீட்டில் நிழல் கிடையாது, தண்ணீர் தேங்கக் குழி கிடையாது. சிட்னி துறைமுகத்தின் கரையில் பாதிக்கு மேல் இப்படி மனிதர் கட்டியதுதான். அங்கே 2018 முதல் குழியும் வரப்பும் உள்ள அறுகோணப் பலகைகளைப் பழைய சுவர்களிலேயே பதிக்கிறார்கள். பாறைக்கரையில் இருக்கும் மேடுபள்ளத்தைச் சுவருக்குக் கொடுக்கும் வேலை, அவ்வளவுதான்.

சரி, வெளிநாட்டில் செய்த பலகையை அப்படியே வாங்கி இங்கே மாட்டிவிடலாமே? அங்கேதான் அடுத்த சறுக்கல். சென்னையில் கடல்மட்டம் ஏறி இறங்கும் உயரம் ஏறத்தாழ 1 மீட்டர். பிரிட்டனில் பல இடங்களில் அது 5 மீட்டரைத் தாண்டும். அந்த ஊர்க் கணக்கில் குழியை உயரத்தில் வைத்தால் நம் ஊர் மே மாத வெயிலில் அதில் தேங்கும் தண்ணீர் கொதிக்காத குறைதான். முதலில் பக்கத்தில் இருக்கும் கற்களில் எது எந்த உயரத்தில் ஒட்டியிருக்கிறது என்று ஒரு வருஷமாவது பார்க்க வேண்டும். பலகையின் அளவு அப்புறம்.

எனக்கு மிகவும் உறுத்தும் தவறு வேறு. "ஆறே மாதத்தில் சுவர் நிறைந்துவிட்டது" என்று படம் போடுகிறார்கள். நிறைந்தது எது? எண்ணூரில் காக்கா ஆழி என்று மீனவர்கள் சொல்லும் சிப்பியைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். தென் அமெரிக்கப் பக்கத்தைச் சேர்ந்தது, கப்பல் வழியாக வந்திருக்கலாம் என்கிறார்கள். ஆற்றின் அடியில் பாய் விரித்தாற்போல் படர்ந்து, இறால் புதையும் சேற்றை மூடிவிட்டது. மஞ்ச மட்டி என்ற உள்ளூர்ச் சிப்பிக்கும் இடமில்லை. எண்ணிக்கை மட்டும் பார்த்தால் இதுவும் அமோக வெற்றிதான்! துறைமுகத்தை ஒட்டிய புதுச் சுவரும் தூணும் இப்படி வந்து இறங்குபவற்றுக்கு வசதியான படிக்கட்டு. எனவே ஒட்டியதை இனம் பிரித்து எழுதுங்கள். பக்கத்திலேயே எதுவும் செய்யாத சுவர்த்துண்டு ஒன்றை விட்டுவைத்து, இரண்டையும் ஒப்பிடுங்கள். ஒப்பிட ஒன்று இல்லாமல் எடுத்த கணக்கை நான் நம்புவதில்லை.

வேண்டாத பொருளைக் கடலில் போட்டு "மீனுக்கு வீடு" என்று பெயர் வைப்பது இன்னொன்று. 1972இல் புளோரிடாவின் ஃபோர்ட் லாடர்டேல் கரைக்கு அப்பால் சுமார் 20 லட்சம் பழைய டயர்களைக் கட்டி இறக்கினார்கள். கட்டுகள் அறுந்தன. டயர்கள் உருண்டுபோய்ப் பக்கத்தில் இருந்த இயற்கைப் பவளத்தையே அடித்து நொறுக்கின. பல ஆண்டுகள் கழித்து முக்குளிப்பவர்களை இறக்கி அவற்றை எடுக்க வேண்டியதாயிற்று. உருண்டுகொண்டே இருக்கும் பொருளில் உயிர்கள் நிலைத்து வளர்வது கடினம்.

சுத்தம் செய்கிறேன் என்று சுவர் முழுவதையும் ஒரே நாளில் சுரண்டுகிறவர்களும் உண்டு. விரிசல் பார்க்கச் சுரண்டித்தான் ஆக வேண்டும் என்றால் பகுதி பகுதியாகச் செய்யுங்கள். மிச்சப் பகுதியிலிருந்து உயிர்கள் திரும்பி வரும். வெளிச்சத்தையும் மறக்கக் கூடாது. அமெரிக்காவின் சியாட்டிலில் 2017இல் முடிந்த கடல்சுவரில், மேலே நீண்டிருக்கும் நடைபாதையிலேயே கண்ணாடிக் கட்டைகளைப் பதித்திருக்கிறார்கள். சால்மன் மீன் குஞ்சுகள் இருட்டு நிழலுக்குள் நீந்தத் தயங்கும் என்பதால்தான்.

கடைசியாக ஒன்று, இது பொறியாளரைவிட அனுமதி கொடுப்பவருக்கு. "உயிர்நேயச் சுவர்" என்ற பெயரைக் காட்டி, இருக்கிற மணற்கரையிலோ அலையாத்திக் காட்டிலோ புதுச் சுவர் எழுப்பக் கேட்டு வருவார்கள். ஏற்கெனவே நிற்கும் சுவரைத் திருத்துவது வேறு, இது வேறு. எவ்வளவு குழி வைத்தாலும் பங்குனி ஆமை முட்டையிட அந்தச் சுவரில் ஏறாது. கரைவலை இழுக்கவும் படகை ஏற்றி வைக்கவும் மணல்தான் வேண்டும்.