பேத்தி கேட்டால் இப்படிச் சொல்லுங்கள்

"கடவுள் இருக்காரா அப்பத்தா?" என்று பிள்ளை கேட்டால் அதட்டாதீர்கள். என் பேத்தியை மண்டபம் கரையில் நாட்டுப்படகு கட்டும் இடத்துக்குக் கூட்டிப்போனேன். பலகை இடுக்கில் ஆசாரி பஞ்சைத் திணித்துக்கொண்டிருந்தார். "இது தானாச் சேர்ந்திருக்குமா?" என்று கேளுங்கள். மெய்கண்டார் எழுதிய சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதம் முதல் சூத்திரத்திலேயே இதைத்தான் சொல்கிறது: தோன்றி, நின்று, ஒடுங்கும் உலகுக்கு ஒரு கர்த்தா வேண்டும்.

"அப்போ கடவுளை யார் செஞ்சது?" என்பாள். நல்ல கேள்வி, பாராட்டுங்கள். தொடக்கம் உள்ளதற்குத்தான் செய்தவர் தேவை, கடவுள் அநாதி, தொடக்கமே இல்லாதவர். சரி, ஆசாரிக்கு மரம் வேண்டுமே? சைவ சித்தாந்தத்தில் அந்த மரம் மாயை, அதாவது உலகுக்கு மூலப்பொருள், அதுவும் அநாதி. பக்கத்து வீட்டு முஸ்லிம், கிறிஸ்தவப் பிள்ளைகளோ இல்லாமையிலிருந்தே இறைவன் படைத்தான் என்பார்கள். அதையும் சொல்லிக்கொடுங்கள்.

"1964 புயல் ஏன் தனுஷ்கோடியை அழிச்சது?" என்றால் மட்டும் வாதம் பேசாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள்.