தலையங்கப் பக்க ஆசிரியர் ஒருத்தரோட வாழ்க்கையை எழுதப் போறீங்களா? எங்கே தேடணும்னு பாருங்க

ரிப்போர்ட்டரைப் பத்தி எழுதறது சுலபம், பேர் போட்ட செய்தி கட்டுக்கட்டா கிடைக்கும். தலையங்கப் பக்கம் பாக்கறவங்க விஷயமே வேற. தலையங்கத்துல பேர் இருக்காது, அவங்க திருத்திக் குடுத்த கட்டுரைல வேற ஆளோட பேர் இருக்கும், வேணாம்னு திருப்பி அனுப்பினது யார் கண்ணுலயும் படாது. அதனால பிறந்தார், படிச்சார், சேர்ந்தார், ரிட்டயர் ஆனார்னு வரிசையா எழுதிட்டுப் போனா ஆளே தெரிய மாட்டார். யாருக்கு இடம் குடுத்தார், எதுக்காக முதலாளிகிட்டயே மல்லுக்கு நின்னார், முதல்ல இந்த ரெண்டையும் தேடுங்க.

நியூயார்க் டைம்ஸ்ல 1961ல இருந்து 1976 வரைக்கும் தலையங்கப் பக்கத்தைப் பாத்துக்கிட்ட ஜான் ஓக்ஸையே உதாரணமா எடுத்துக்கலாம்.

குடும்பத்தை விட்டுடாதீங்க. 1913ல பிறந்தவர், பத்திரிகை ஓனரா இருந்த அடால்ஃப் ஆக்ஸோட தம்பி மகன். முதல் உலகப் போர் சமயத்துல ஜெர்மன் பேர்னாலே வெறுப்பு இருந்ததால அப்பா குடும்பப் பேரை ஓக்ஸ்னு மாத்திக்கிட்டார். ஆனா சொந்தக்காரர், அதான் வேலை கிடைச்சுதுன்னு ஒரு வரில முடிச்சா அது நியாயமே இல்ல. அவர் அதுக்கு முன்னாடி வாஷிங்டன் போஸ்ட்ல ரிப்போர்ட்டரா இருந்தவர், ரெண்டாம் உலகப் போர் முடிஞ்சு 1946லதான் டைம்ஸுக்கு வந்தார். படிப்பு, விருதெல்லாம் ஒரு பத்தி போதும்.

அடுத்தது பக்கம், இங்கதான் நேரம் செலவு பண்ணணும். தலையங்கத்துக்கு எதிர்ப்பக்கத்துல முன்னாடி இரங்கல் செய்திகள் வந்துட்டிருந்துது, அதை வேற இடத்துக்குத் தள்ளிட்டு வெளி ஆட்கள் எழுதற கருத்துக் கட்டுரைக்கு அந்த இடத்தைக் குடுங்கன்னு ஓக்ஸ் வருஷக்கணக்கா கேட்டுக்கிட்டே இருந்தார், கடைசில 1970 செப்டம்பர் 21ல ஆப்-எட் பக்கம் வந்துது. அதுக்கு முதல் ஆசிரியர் ஹாரிசன் சாலிஸ்பரி. இந்த மாதிரி ஒரு மாற்றம் கண்ணுல பட்டா பழைய பேப்பர் ஆர்க்கைவைத் திறந்து, அதுக்கு முன்னாடி ஒரு மாசம், பின்னாடி ஒரு மாசம் யார் யார் எழுதியிருக்காங்க, பேராசிரியரா, அரசியல்வாதியா, பெண்கள் எத்தனை பேர், பேப்பரோட நிலைப்பாட்டுக்கு எதிரா எழுதினவங்க இருக்காங்களான்னு ஒரு ஷீட்ல போடுங்க. ஆசிரியரோட மனசு அந்த லிஸ்ட்ல தெரியற அளவுக்கு எந்தப் பேட்டிலயும் தெரியாதுங்கறது என் அபிப்ராயம்.

அப்புறம் சண்டை. 1976ல நியூயார்க் செனட் சீட்டுக்கான ஜனநாயகக் கட்சி உட்கட்சித் தேர்தல்ல பதிப்பாளர் சல்ஸ்பர்கர் மொய்னிஹானை ஆதரிக்கணும்னு முடிவு பண்ணார், ஓக்ஸுக்கு பெல்லா ஆப்ஸக்தான் சரின்னு பட்டுது. லீவுல இருந்தவர் எதிர்ப்பை நீளமா எழுதி அனுப்பினார், அது வரல, அதே பேப்பர்ல ஆசிரியருக்குக் கடிதம் பகுதில சின்னதா, இதுல எனக்கு உடன்பாடில்லன்னு அவர் பேர்ல வந்துது. தலையங்கப் பக்கத்து ஆசிரியரே வாசகர் மாதிரி கடிதம் போட்டிருக்கார், அவரோட துணிச்சலும் அதிகாரத்தோட எல்லையும் அந்த ஒரு கடிதத்துலயே இருக்கு. அதனால தலையங்கத்தை மட்டும் படிச்சிட்டு நிறுத்தாம கடிதப் பகுதியையும் புரட்டுங்க.

1977 தொடக்கத்துல அந்த நாற்காலிக்கு மேக்ஸ் ஃபிராங்கல் வந்துட்டார். சண்டைக்கும் இதுக்கும் முடிச்சுப் போட கை துறுதுறுக்கும், ஆனா ரெண்டும் அடுத்தடுத்து நடந்ததுங்கறதே ஆதாரம் ஆகிடாது, மாற்றம் எப்ப முடிவாச்சுன்னு தேதி பாத்துட்டு எழுதுங்க.

நீங்க எழுதறவரோட கூட வேலை பாத்தவங்க உயிரோட இருந்தா, அவர் எப்படிப்பட்டவர்னு பொதுவா கேக்காதீங்க, எல்லாரும் நல்லவர்னுதான் சொல்லுவாங்க. எந்தக் கட்டுரையை நிறுத்தினார், ஏன்னு கேளுங்க. கட்டுரை திரும்பி வந்தவங்களையும் தேடிப் பிடிங்க, அவங்ககிட்ட அவர் கைப்பட எழுதின மறுப்புக் கடிதம் இன்னும் இருக்கலாம்.