புகையா, பனியா? தர்க்கச் செய்திகளைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மார்ச் மாதம் பெருமாள்மலைப் பக்கம் டீக்கடையில் நின்றால், எதிர்ச்சரிவில் வெள்ளையாக ஏதோ எழும்பும். கொடைக்கானலுக்குச் சுற்றிப் பார்க்க வந்தவர்கள் "மேகம்!" என்று போனை எடுப்பார்கள். கடைக்கார அண்ணன் மட்டும் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "காட்டுத் தீயா இருந்தாலும் இருக்கும், கொஞ்சம் பொறுங்க" என்பார். அந்த மாதத்தில் இரண்டுக்குமே வாய்ப்புண்டு.

மணிமேகலையின் 29ஆம் காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் அளவை, அதாவது தர்க்கம், கற்பிக்கும்போது எடுத்துக்கொள்வதும் ஒரு மலையைத்தான். இந்த மலையில் நெருப்பு உண்டு, ஏனென்றால் புகை இருக்கிறது, அடுக்களையைப் போல: இது சரியான அனுமானம். தெரிவது ஆவியா பனியா என்ற சந்தேகம் தீராமலே அதைப் புகையாக்கி, நெருப்பு உண்டு என்று துணிந்தால் அது பிழை. அதற்குச் சித்தாசித்தம் என்று பெயர். தர்க்கம், தத்துவம் பற்றி வரும் செய்திகளை நாம் படிக்கும்போது செய்கிற தவறுகளில் பாதி இந்த ரகம்தான்.

நல்ல உதாரணம், 'கடவுள் இருப்பதைக் கணினி நிரூபித்துவிட்டது' என்று 2013இல் உலகம் சுற்றிய செய்தி. இன்றும் அது யாராவது ஒருவர் புண்ணியத்தில் வாட்ஸ்அப்பில் வந்துசேர்கிறது. நடந்தது வேறு. தர்க்கவியலாளர் குர்த் கோடெல் 1970இல் கடவுள் இருப்புக்கான ஒரு வாதத்தைக் குறியீட்டு மொழியில் எழுதி வைத்திருந்தார். டானா ஸ்காட் என்ற இன்னொரு தர்க்கவியலாளர் அதைச் சற்றே திருத்தினார். அந்தத் திருத்திய வடிவத்தை பென்ஸ்முல்லர், வோல்ட்சென்லோகல் பாலியோ என்ற இருவரும் கணினிக்குக் கொடுத்து, அடிகோள்களிலிருந்து (நிரூபிக்காமலே ஏற்றுக்கொண்டு தொடங்கும் கூற்றுகளிலிருந்து) முடிவு வருகிறதா என்று சரிபார்த்தார்கள். வருகிறது என்றது கணினி. அவ்வளவுதான்.

இங்கே நாம் செய்யும் தவறு, வாதம் செல்லும் என்பதையும் முடிவு உண்மை என்பதையும் ஒன்றாக்குவது. ஏரிச்சாலைக்கு வாருங்கள். 'இங்கே விற்கும் பூண்டெல்லாம் மலைப்பூண்டு. இது இங்கே விற்கும் பூண்டு. ஆகவே இது மலைப்பூண்டு.' வாதத்தில் ஓட்டையே இல்லை. ஆனால் முதல் வரி பொய். கீழே இருந்து ஏறி வந்த பூண்டும் அதே கூடையில் கிடக்கும். புவிசார் குறியீடு வாங்கிய பூண்டு என்று நம்பிப் பையை நிரப்பிக்கொண்டு போனவரைத் தர்க்கம் காப்பாற்றாது. உரித்து முகர்ந்து பார்த்தால்தான் தெரியும். கணினி பார்த்தது வரிகள் ஒன்றிலிருந்து ஒன்று வருகின்றனவா என்பதை மட்டுமே. பூண்டை அது முகர்ந்து பார்க்கவில்லை.

கதை இதோடு முடியவில்லை, சுவாரஸ்யமே இனிமேல்தான். கோடெல் கைப்பட எழுதிய மூல வடிவத்தின் அடிகோள்கள் ஒன்றோடொன்று முரண்படுகின்றன என்பதையும் அதே ஆய்வில் கணினி கண்டுபிடித்தது. முரணான அடிகோள்களிலிருந்து எதை வேண்டுமானாலும் நிறுவலாம், கடவுள் இல்லை என்பது உட்பட! ஸ்காட் திருத்திய வடிவத்தில் அந்த முரண் இல்லை. ஆனால் அதிலும் ஒரு சிக்கல் உண்டு. அந்த அடிகோள்களை ஏற்றால், உண்மையாக இருப்பது எல்லாமே கட்டாயம் உண்மை என்றாகிவிடும். இன்று மத்தியானம் மழை பெய்தால் அது பெய்தே தீர வேண்டிய மழை. வேறு வழியே இருந்திருக்காது. தலையெழுத்து என்று நம் பாட்டிமார் சொல்வதை விடவும் கறாரான தலையெழுத்து! என் கணக்கில் இந்த இரண்டும்தான் தலைப்புக்கு வந்திருக்க வேண்டிய செய்திகள்.

அடுத்த தவறும் கோடெல் பெயரில்தான். 1931இல் அவர் நிறுவிய முழுமையின்மைத் தேற்றத்தை, 'எதையுமே உறுதியாக நிரூபிக்க முடியாது' என்று மேடையில் முழங்குவார்கள். அது சொல்வது, சில வகை அமைப்புகளில் நிறுவவும் மறுக்கவும் முடியாத கூற்று ஒன்றாவது இருக்கும் என்பதைத்தான். அதற்கும் நிபந்தனைகள் உண்டு. அமைப்பு முரணற்றதாக இருக்க வேண்டும், அதன் அடிகோள்களை இயந்திரத்தனமாக அடையாளம் காண முடிய வேண்டும், கூட்டலும் பெருக்கலும் சேர்ந்த போதுமான எண்கணிதம் உள்ளே இருக்க வேண்டும். பெருக்கலை எடுத்துவிட்டுக் கூட்டலோடு நின்றால், அந்த அமைப்பு முழுமையானதே, அதன் எந்தக் கூற்றையும் நிறுவவோ மறுக்கவோ முடியும். 1929இலேயே பிரெஸ்பர்கர் காட்டிவிட்டார். ஓர் அமைப்புக்குள் நிறுவ முடியாதது இன்னும் வலுவான அமைப்பில் நிறுவப்படலாம் என்பதையும் விட்டுவிடுகிறார்கள். மனித வாழ்வு, அரசியல் சட்டம், சமையல் குறிப்பு எதற்கும் இந்தத் தேற்றம் பொருந்தாது.

அப்புறம், கட்டுரை இணையத்தில் ஏறிய அன்றே 'தீர்ந்தது பழைய புதிர்' என்று பகிர்வது. தத்துவவாதி குவைன் 1937இல் முன்வைத்த ஒரு கணக் கோட்பாடு (set theory) முரணற்றதுதானா என்ற கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். ராண்டல் ஹோம்ஸ் அதற்கு எழுதிய நிறுவல் பல ஆண்டுகள் கைப்பிரதியாகவே சுற்றியது. சிக்கல் அப்படி. 2024இல் ஸ்கை வில்ஷா அதை நிறுவல்களைச் சரிபார்க்கும் லீன் என்ற மென்பொருளில் வரி வரியாக ஏற்றி முடித்த பிறகே சந்தேகம் அடங்கியது. சரி, கணினியே சொல்லிவிட்டது, மனிதருக்கு வேலை இல்லை என்று நினைத்தால் அதுவும் தவறு. மென்பொருளில் எழுதிய தேற்றம்தான் நாம் கேட்ட கேள்வியா, வரையறைகள் சரியா என்பதை ஆள் உட்கார்ந்து படித்துத்தான் ஆக வேண்டும்.

சின்னத் தவறு ஒன்று பாக்கி. ஜனவரி 14 உலகத் தர்க்க நாள் என்று 2019இல் யுனெஸ்கோ அறிவித்தது. பொங்கல் வாழ்த்துகளோடு சேர்த்து, 'இன்று கோடெல் பிறந்தநாள்' என்றும் ஒரு படம் எனக்கு வந்தது. அன்று பிறந்தவர் ஆல்ஃபிரட் டார்ஸ்கி என்ற வேறொரு தர்க்கவியலாளர், 1901இல். கோடெல் 1978இல் இறந்ததும் அதே தேதியில். வாழ்த்து அனுப்புவதாக இருந்தால் டார்ஸ்கிக்கு அனுப்புங்கள்.