கேத்தியில் எந்தச் சரிவு முதலில் கரையும்? இலவச உயரத் தரவை வைத்து மண் அரிப்பு வரைபடம் போடும் முறை

நீலகிரியில் ஊட்டிக்கும் குன்னூருக்கும் நடுவே உள்ள கேத்தி பள்ளத்தாக்கில் உருளைக்கிழங்கு, கேரட், முட்டைக்கோஸ் தோட்டங்களும் தேயிலையும் ஒரே மலைச்சரிவில் அடுத்தடுத்துக் கிடக்கும். அதில் எந்தத் துண்டிலிருந்து மழை அதிக மண்ணை இழுத்துக்கொண்டு போகும் என்று ஒரு வரைபடம் எனக்குத் தேவைப்பட்டது. காசு செலவில்லாமல், சாதாரண லேப்டாப்பிலேயே வேலை முடிந்தது. அந்த வழியை இங்கே எழுதுகிறேன். கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளை நிறுவுவது, லேயர் சேர்ப்பது போன்றவற்றைச் சொல்லப்போவதில்லை. யூடியூபில் அதற்கு வேண்டிய அளவு வீடியோ இருக்கிறது.

கணக்கைப் பற்றிக் கொஞ்சம்

வால்டர் விஷ்மையர், டுவைட் ஸ்மித் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1965-இல் வெளியிட்டு 1978-இல் திருத்திய சமன்பாடுதான் இன்றும் பலரும் எடுப்பது. மழையின் வலிமை, மண்ணின் தன்மை, சரிவு, பயிர் மூடாக்கு, வரப்பு போன்ற தடுப்பு வேலை எல்லாவற்றுக்கும் ஓர் எண் கொடுத்துப் பெருக்கினால், ஆண்டுக்கு எக்டருக்கு இத்தனை டன் மண் போகும் என்று விடை வரும். ஆனால் அதன் சரிவுக் கணக்கு 3 முதல் 18 சதவீதம் வரை சரிவுள்ள அமெரிக்க வயல்களில் பிறந்தது. நம் மலையில் அதைப்போல் இரண்டு மடங்கு செங்குத்திலும் தேயிலை நிற்கிறது. அதனால் டன் எண்ணை யாரிடமும் காட்டாதீர்கள். எந்த இடத்தை முதலில் கவனிக்க வேண்டும் என்ற வரிசைக்கு மட்டும் இதைப் பயன்படுத்துங்கள். இந்தப் பதிவில் சரிவுப் பகுதியைத்தான் விரிவாகப் பார்க்கிறோம்.

உயரத் தரவு

என் தேர்வு கோப்பர்நிக்கஸ் என்ற ஐரோப்பியத் திட்டத்தின் 30 மீட்டர் தரவு, அதாவது 30 மீட்டர் கட்டத்துக்கு (பிக்சலுக்கு) ஓர் உயரம். ஓப்பன்டோபோகிராஃபி தளத்தில் இலவசக் கணக்கு தொடங்கினால் கிடைக்கும். அமெரிக்காவின் எண்டெவர் விண்கலம் 2000 பிப்ரவரியில் எடுத்த எஸ்ஆர்டிஎம் தரவும் இருக்கிறது, அதிலும் வேலை நடக்கும். ஆனால் செங்குத்தான மலைகளில் கோப்பர்நிக்கஸ் தெளிவாக இருப்பதாக எனக்குப் படுகிறது. வடக்கு 11, கிழக்கு 76 என்ற ஒரே கட்டத்துக்குள் ஊட்டி, குன்னூர், கோத்தகிரி எல்லாம் அடங்கிவிடும்.

உங்களுக்கு வேண்டிய பள்ளத்தாக்கைவிட நாலு பக்கமும் சில கிலோமீட்டர் அதிகமாக வெட்டி எடுங்கள். காரணம் பின்னால் வரும்.

ஆள்களைக் கவிழ்க்கும் இடம்: ரீப்ரொஜெக்ட்

இறக்கிய தரவில் கிழக்கு மேற்கு, வடக்கு தெற்கு அளவுகள் பாகையில் இருக்கும், உயரம் மட்டும் மீட்டரில் இருக்கும். அப்படியே சரிவு கணக்கிட்டால், பல கருவிகளில் முழு மலையும் 90 பாகைச் சுவராக வரும். முதலில் மீட்டருக்கு மாற்ற வேண்டும், இதுதான் ரீப்ரொஜெக்ட். மீட்டரில் அளக்கும் யூடிஎம் என்ற வரைபட முறையில் நீலகிரிக்கு 43 வடக்கு மண்டலம், மென்பொருளில் அதன் குறியீட்டு எண் இபிஎஸ்ஜி 32643. பிக்சல் அளவு என்று கேட்கும் இடத்தில் 30 கொடுங்கள்.

இதுவரை எல்லா வழிகாட்டியிலும் இருக்கும். பலர் சொல்லாமல் விடுவது அதே சாளரத்தில் இருக்கும் ரீசாம்ப்ளிங் பெட்டியை, அதாவது புதிய கட்டத்துக்கு உயரத்தை எப்படி எடுப்பது என்று கேட்கும் பெட்டியை. அதில் தானாகவே இருப்பது 'நியரஸ்ட் நெய்பர்'. அதை 'பைலினியர்' அல்லது 'கியூபிக்' என்று மாற்றியே ஆக வேண்டும். பழைய கட்டமும் புதிய கட்டமும் சரியாகப் பொருந்தாது என்பதால், நியரஸ்ட் நெய்பர் சில இடங்களில் ஒரே உயரத்தை இரண்டு முறை வைக்கும், சில இடங்களில் ஒரு வரிசையையே தாண்டிவிடும். உயரப் படத்தில் இது கண்ணுக்கே தெரியாது. சரிவுப் படம் போட்டதும் கோடு கோடாக எழுந்து நிற்கும்.

வேறு ஊராக இருந்தால் பிழை என்று உடனே புரிந்துவிடும். கேத்தி மாதிரி இடத்தில் அந்தக் கோடுகள் படிமட்ட வயல்கள் போலவே தெரியும்! 'ஆகா, படிகள் கூட விழுந்திருக்கிறதே' என்று சந்தோஷப்பட்டு அடுத்த படிக்குப் போய்விடுவோம். பிரித்துப் பார்க்க எளிய வழி இருக்கிறது. பிழைக் கோடுகள் சீரான இடைவெளியில், நேராக, காடு தோட்டம் என்று பார்க்காமல் ஓடும். நிஜப் படிகள் மலையின் வளைவோடு வளையும். அதோடு, சில மீட்டர் அகலமே உள்ள படி 30 மீட்டர் பிக்சலில் தனியாகத் தெரிய வாய்ப்பே இல்லை. தெரிந்தால் சந்தேகப்படுங்கள்.

சரிவும் நீர்த் திரளும்

சரிவுக் கருவியை ஓட்டுங்கள், விடை பாகையில் வரும். அப்புறம், ஒவ்வொரு பிக்சலுக்கும் மேலேயிருந்து எத்தனை பிக்சலின் தண்ணீர் வந்து சேர்கிறது என்ற கணக்கு வேண்டும், அதைத்தான் திரள் என்கிறேன். இதற்குப் பலர் சாகா என்ற இலவச மென்பொருளின் கருவிகளைச் சொல்வார்கள். புதிய கியூஜிஐஎஸ்ஸில் அதைத் தனி பிளக்இன்னாகப் போட வேண்டும், பதிப்பு மாறினால் தகராறும் செய்யும். நான் கிராஸ் என்ற இன்னோர் இலவச மென்பொருளில் உள்ள ஆர்.வாட்டர்ஷெட் கருவியைத்தான் சொல்வேன். உயரத் தரவில் தண்ணீர் தேங்கி நின்றுவிடும் குழிகளை முன்கூட்டியே நிரப்பும் வேலையும் அதில் இல்லை.

சூத்திரம்

சரிவு எண்ணுக்கு மூர், பர்ச் என்ற ஆய்வாளர்கள் கொடுத்த வடிவம் இது. ராஸ்டர் கால்குலேட்டரில் (பிக்சல் பிக்சலாகக் கணக்குப் போடும் கருவி) போட வேண்டியது:

(திரள் × 30 ÷ 22.13)^0.4 × (சைன்(சரிவு × 0.01745) ÷ 0.0896)^1.3

22.13 என்பது அமெரிக்கச் சோதனைப் பாத்தியின் நீளம், மீட்டரில். 0.0896 என்பது அந்தப் பாத்தியின் 9 சதவீதச் சரிவின் சைன் மதிப்பு. ஆக, விடை 1 என்றால் அந்தப் பாத்தி அளவுக்கு அரிப்பு, 8 என்றால் எட்டு மடங்கு. 0.01745 ஏன்? கால்குலேட்டரின் சைன் ரேடியனில் வேலை செய்கிறது. அதை விட்டுவிட்டால் படம் வரும், ஆனால் அர்த்தமில்லாத படம்.

இன்னொன்று, ஓடைகளில் திரள் ஆயிரக்கணக்கில் போகும். இந்தச் சமன்பாடு சரிவில் பரவி ஓடும் தண்ணீருக்கும் சிறு கீறல்களுக்கும்தான், ஓடைக்கு இல்லை. நிலச்சரிவையும் இது கணக்கில் எடுக்காது. 2009 நவம்பரில் நீலகிரியில் நடந்தது போன்றதை இந்த வரைபடத்தில் தேடாதீர்கள். திரளை 10 பிக்சலோடு, அதாவது 300 மீட்டரோடு நிறுத்துங்கள்: (திரள்<=10)×திரள் + (திரள்>10)×10.

பயிர், தடுப்பு

மழை எண்ணும் மண் எண்ணும் ஒரு சின்னப் பள்ளத்தாக்குக்குள் பெரிதாக மாறாது, ஒரே மதிப்பு போதும். முழு மாவட்டத்துக்கும் போடுகிறவர்கள் அப்படிச் செய்யக் கூடாது. கூடலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழையும் கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழையும் முக்கியம். வித்தியாசத்தைக் காட்டுவது பயிர்தான். மூடி வளர்ந்த தேயிலைக்கும், கிழங்கு நட்ட புதிதில் வெறுமையாகக் கிடக்கும் மண்ணுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. சென்டினல் 2 செயற்கைக்கோள் படத்திலிருந்து பயிரின் பச்சைக் குறியீடு எடுக்கலாம், ஆனால் மழைக்காலம் முழுக்க மேகம் மறைக்கும். எந்தத் துண்டில் என்ன பயிர் என்று நடந்து போய் எழுதிக்கொள்வதே மேல்.

போகும்போது இதையும் பாருங்கள்: தேயிலைச் செடியின் அடிவேர் வெளியே தெரிகிறதா, படிகள் உள்பக்கம் சாய்ந்திருக்கின்றனவா, சாலையோரக் கல்வெர்ட் எந்தத் தோட்டத்தில் தண்ணீரைக் கொட்டுகிறது. இது எதுவும் செயற்கைக்கோளுக்குத் தெரியாது. காட்டின் ஓரத்தில் மட்டும் அதிக அரிப்பைக் காட்டும் சிவப்பு வளையம் வந்தால் அதையும் நம்பாதீர்கள். இந்த உயரத் தரவு மரத்தின் தலையையும் சேர்த்து அளந்தது. மரம் முடிந்து தோட்டம் தொடங்கும் இடத்தில் இல்லாத பள்ளம் ஒன்று முளைக்கும்.

பின்னர் சேர்த்தது: படத்தின் ஓரங்களில் ஓட்டை ஓட்டையாக வருகிறது என்று கேட்டிருந்தார்கள். வெட்டிய எல்லைக்கு வெளியிலிருந்து தண்ணீர் வரக்கூடிய பிக்சல்களுக்கு ஆர்.வாட்டர்ஷெட் எதிர்மறை எண் கொடுக்கும். எதிர்மறை எண்ணை 0.4 அடுக்குக்கு உயர்த்த முடியாததால் அங்கே மதிப்பே இருக்காது. 'பாசிட்டிவ் ஃப்ளோ' என்ற சொற்கள் வரும் டிக் பெட்டியைத் தேர்ந்தெடுத்தால் ஓட்டை மறையும், ஆனால் அந்த எண்கள் குறைவாகவே இருக்கும். பெரிதாக வெட்டி எடுத்து, கணக்கு முடிந்தபின் ஓரங்களை நறுக்குவதுதான் சரி.

இன்னொன்று: ஏற்காடு, கொல்லிமலைக்காரர்கள் 32643 போட வேண்டாம். 78 பாகைக்குக் கிழக்கே உங்களுக்கு 44 வடக்கு மண்டலம், இபிஎஸ்ஜி 32644. கொடைக்கானல் இன்னும் 43-இல்தான் இருக்கிறது.